மேற்கு தாம்பரத்துல போர்டு இல்லாத ஒரு டிபன் கடை: ஒன்றரை வருசம் சாப்ட்டுட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், இந்த கடைக்கு பேரு கெடையாது, போர்டு கெடையாது, மேப்ல தேடுனாலும் வராது. மேற்கு தாம்பரத்துலருந்து முடிச்சூர் ரோட்ல வந்தீங்கன்னா உள்ள திரும்புற தெரு ஒண்ணுல ஒரு வேப்பமரம், அதுக்கு எதுத்தாப்ல நீலக்கலர் தள்ளுவண்டி. சாயங்காலம் ஆறரைக்கு வந்து நிக்கும், பத்துக்குள்ள எல்லாம் காலி. எங்க தெருவுல "அக்கா கட"ன்னா எல்லாருக்கும் தெரியும். அக்காவும் அவங்க வீட்டுக்காரரும், ரெண்டே பேருதான்.

நாங்க மதுரக்காரங்க. எனக்கு தாம்பரத்துல மெப்ஸ்ங்கற ஏற்றுமதி மண்டலத்துல வேல கெடச்சதால ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி ஒரு லாரில சாமான ஏத்தி விட்டுட்டு நான், வீட்டுக்காரர், பொண்ணு, அத்தை நாலு பேரும் வைகை எக்ஸ்பிரஸ்ல வந்து தாம்பரத்துல எறங்குனோம். கேஸ் கனெக்சன் மாத்துறதுக்கு ஒம்போது நாளாச்சு, அந்த ஒம்போது நாளும் வெளிய சாப்பாடுதான். ஆப்ல ஆர்டர் போட்டா டெலிவரி பையன் "மேடம் லொகேசன் தப்பா காட்டுது"ன்னு ரெண்டு தெரு தள்ளி நின்னுக்கிட்டு போன் பண்ணுவான், நான் நைட்டி மேல துண்ட போட்டுக்கிட்டு ஓடுவேன், வாங்கிப் பிரிச்சா தோசை தண்ணியில போட்ட அப்பளம் மாதிரி இருக்கும். சரின்னு ஒரு நாள் ரோட்டு மேல இருக்க ஏசி ஓட்டலுக்கு போனோம். தாம்பரத்துல ஜிஎஸ்டின்னா மொதல்ல ரோடு, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, அப்புறம்தான் வரி. நாலு பேரு இட்லி தோசை காப்பின்னு சாப்ட்டதுக்கு அந்த ஜிஎஸ்டி ரோட்டுல 600 சொச்சம் ஆச்சு, அதுக்கு மேல இந்த ஜிஎஸ்டி 5 பர்சென்ட். அத்தை பில்ல பாத்துட்டு வீடு வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

அக்கா கடைய கண்டுபுடிச்சது வீட்டுக்காரர்தான். அவருக்கு கிண்டில ஆபீஸ், எலக்ட்ரிக் டிரெய்ன்ல போயிட்டு ஸ்டேசன்லருந்து ஷேர் ஆட்டோல வருவாரு, ஒரு நாள் தெருமுனையில எறங்குனவரு வாசனை புடிச்சு போயி எட்டு இட்லியும் நாலு கல்தோசையும் வாங்கிட்டு வந்தாரு. 140 ரூவா. நான் ஏதோ தப்பா கணக்கு போட்டு குடுத்துட்டாங்கன்னுதான் நெனச்சேன்.

இப்ப இட்லி 10, கல்தோசை 20, முட்டை தோசை 35, வடகறி தனியா வாங்குனா கப்பு 20. சப்பாத்தியும் போடுறாங்க, அது எனக்கு பிடிக்கல, ரப்பரு, அதைப் பத்தி இனி பேசப் போறதில்ல.

இட்லியப் பத்தி மதுரக்காரி சொல்றது கொஞ்சம் ஓவராத்தான் தெரியும், ஆனா எங்கூர்ல இட்லிக்கு ஒரு கர்வம் உண்டு, அத்தை இன்னும் மோசம், நாலு சட்னி இல்லாம இட்லிய தட்டுல பாத்தா மூஞ்சிய திருப்பிக்கும். அக்கா கடையில இட்லித்தட்டுல துணி போட்டு ஊத்துவாங்க, வெந்ததும் தட்ட அப்படியே கவுத்து துணி மேல லேசா தண்ணி தெளிச்சு உரிப்பாங்க பாருங்க, அந்த துணியோட வரி இட்லி முதுகுல அப்படியே பதிஞ்சிருக்கும். அத்தை ஒரு வாய் வச்சுட்டு "ம்"னுச்சு. மறுநாள் என்னைய கூட்டிட்டு நேரா வண்டிக்கு போயி "உளுந்து எம்புட்டு போடுறீக"ன்னு கேட்டுச்சு. அக்கா கொஞ்சமும் யோசிக்கல, "நாலுக்கு ஒண்ணு பெர்ம்மா, கொஞ்சம் வெந்தயம், வெயில்ல உளுந்த கொறைக்கணும்"னாங்க. "கல்லுலயா ஆட்டுறீக?" "கல்லுல ஆட்டுனா என் கை இன்னாத்துக்கு ஆவறது, டில்டிங் கிரைண்டருதான்." ரெண்டு பேரும் அங்கயே முக்கா மணி நேரம் நின்னு பேசுனாங்க. நான் பசியோட நின்னேன்.

கல்தோசைதான் என் கணக்குல முதல் மார்க். தோசைக்கல்ல தென்னங்குச்சி வெளக்கமாறு தண்ணியில முக்கி ஒரு இழுப்பு இழுப்பாங்க, சொய்ங்னு ஆவி கெளம்பும் (அத்தை மொத தடவ இதைப் பாத்துட்டு பயந்துருச்சு, அது கல்லுக்குன்னே தனியா வச்சிருக்க குட்டி வெளக்கமாறுன்னு சொன்ன பெறகுதான் சாப்ட்டுச்சு). அப்புறம் பாதியா அறுத்த வெங்காயத்த கரண்டிக் காம்புல குத்தி எண்ணெயில தொட்டு கல்லு முழுக்க ஒரு சுத்து. மாவ ஊத்திட்டு ரொம்ப இழுக்க மாட்டாங்க, ரெண்டு சுத்து, அவ்ளோதான், மேல பொத்து பொத்தா கண்ணு தொறக்கும், அப்ப மூடி போட்டு மூடிருவாங்க. திருப்பிப் போடுறதே இல்ல. அடியில பொன்னிறம், மேல பஞ்சு. அந்த வெங்காய வாசனை லேசா ஒட்டியிருக்கும்.

அடுத்து வடகறி. எங்கூர்ல இது கெடையாது, மதுரையில சால்னாதான். சென்னையில காலைல மிஞ்சுன மசால்வடைய பிச்சுப் போட்டு கொழம்பு வைக்கிறதுதான் வடகறின்னு யாரோ சொல்லி வச்சிருந்தாங்க, அதனால ரெண்டு வாரம் தொடவே இல்ல. ஒரு நாள் நானே கேட்டுட்டேன், "அக்கா இது காலைல மிஞ்சுன வடையா?" அக்கா கரண்டிய கீழ வச்சுட்டு என்னைய பாத்த பார்வை இருக்கே. "இன்னாமா நீ, நான் காலைல வடையே போட்றதில்லியே, மிஞ்சறதுக்கு எங்கருந்து வரும்." கடலப்பருப்ப ஊறவச்சு சோம்பு, மொளகா போட்டு கொரகொரன்னு அரைச்சு, சின்னச் சின்னதா கிள்ளிப் போட்டு அரைவேக்காடா பொரிச்சு எடுத்து, பட்டை கிராம்பு வெங்காயம் தக்காளின்னு ஒரு கொழம்பு கூட்டி அதுல போட்டு கொதிக்க விடுவாங்களாம், பருப்பு பாதி ஒடைஞ்சு கொழம்ப கெட்டியாக்கும், பாதி முழுசா நிக்கும். கல்தோசை மேல ஊத்தி ஒரு நிமிசம் விட்டுட்டு சாப்புடணும். ஒன்பது மணிக்கு மேல போனா அடியில இருக்கறது கொஞ்சம் இறுகி, எண்ணெ பிரிஞ்சு, அதுதான் உச்சம், ஆனா கெடைக்கிறது கஷ்டம், எனக்கு முன்னாடியே அது தெரிஞ்ச பாவிங்க நாலு பேரு இருக்காங்க.

கொறை சொல்லாம விட்டா ரிவ்யூ இல்லல்ல. சாம்பார் சுமார்தான், லேசா தித்திப்பு, எட்டரைக்கு மேல கூட்டம் ஏறிடுச்சுன்னா சுடுதண்ணி ஒரு செம்பு உள்ள போகும், நான் கண்ணால பாத்தேன், அக்கா வீட்டுக்காரரும் நான் பாத்தத பாத்தாரு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. தேங்கா சட்னி எட்டே முக்காலுக்கு முடிஞ்சுரும். ஒக்கார எடம் இல்ல, ஒரே ஒரு பெஞ்சு, அதுல ரிட்டயர்டு தாத்தாங்க மூணு பேரு பட்டா போட்ட மாதிரி ஒக்காந்திருப்பாங்க. பக்கத்துல கால்வா, கொசு காலக் கடிக்கும், பேண்டு போட்டுட்டு போங்க. பார்சல் வாழை எலையில வச்சு மேல நியூஸ் பேப்பர் சுத்துறாங்க, அந்த மை தோசையில ஒட்டுது, நான் ரெண்டு தடவ சொல்லியும் மாத்தல. 2019 ஜனவரியிலயே பிளாஸ்டிக் பைய தடை பண்ணியாச்சே, சாம்பார எதுல வாங்குறதுன்னு கேட்டா "தூக்கு எட்த்தாம்மா, ஒரு கரண்டி சேத்தி ஊத்தறேன்"ம்பாங்க. இது நெசம், தூக்கு கொண்டு போனா வடகறி ஒரு கரண்டி கூட விழும். இப்ப எங்க வீட்ல எவர்சில்வர் தூக்கு வாசக்கதவு பக்கத்துலயே தொங்குது.

ஆனா நான் இத எழுதுறதுக்கு காரணம் இட்லி மட்டும் இல்ல. இந்தப் பக்கம் புதுசா குடி வர்றவங்க நெறைய பேரு, தெக்கத்தி ஆளுங்கதான் பாதி, வந்ததும் வீட்டுக்குள்ளயே ஒக்காந்து ஆப்ல எல்லாத்தையும் வாங்கிட்டு ஒரு வருசம் கழிச்சும் எதுத்த வீட்ல யாருன்னு தெரியாம இருக்கோம். எனக்கு இந்த ஏரியாவ சொல்லிக் குடுத்தது அந்த வண்டிதான். தண்ணி கேன் யாருகிட்ட போடணும், போர் தண்ணி உப்பு எந்த தெருவுல கம்மி, ஈபி ஆபீஸ் எங்க, பொண்ணுக்கு டியூசன், அத்தைக்கு மாவு மில்லு, எல்லாமே தோசை வேகுற நேரத்துல கெடச்ச தகவல்.

பெரிய உதவி வீடு விசயத்துல. மொதல்ல வந்தது தற்காலிகமா ஒரு சின்ன வீடு, மூணு மாசம் கழிச்சு வேற பாத்தோம். புரோக்கர் ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் வீட்ட காட்டுனாரு, பளபளன்னு புது பெயிண்டு, வாடகையும் கம்மி, நாங்க அட்வான்ஸ் குடுக்க கெளம்பிட்டோம். அன்னிக்கு ராத்திரி வண்டியில சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அக்கா தோசையத் திருப்பாமலே (அவங்கதான் திருப்பவே மாட்டாங்களே) "எந்த வூடு, அந்த மூல வூடா? மழைக்கு முன்னாடி எதுக்கு பெயிண்டு அடிச்சானாம்? கீழ செவுத்த தட்டிப் பாரு, பொதபொதன்னு இருக்கும்"னாங்க. பெஞ்சு தாத்தா ஒருத்தரு 2015 டிசம்பர் கதைய ஆரம்பிச்சாரு. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் பூந்து படகுல ஆளுங்கள மீட்டாங்களே, நாங்க அத மதுரையில டிவில பாத்தோம், இவரு மொட்டை மாடியில ரெண்டு நாள் இருந்திருக்காரு. கையால தன் நெஞ்சத் தொட்டுக் காட்டி "இவ்ளோ"ன்னாரு. மறுநாள் போயி தட்டிப் பாத்தோம். அடியில ரெண்டு அடி உயரத்துக்கு பூச்சு உதுந்து கையோட வந்துச்சு. இப்ப வேற தெருவுல ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல இருக்கோம், வாடகை 2000 கூட.

இன்னொண்ணும் அந்த பெஞ்சுலதான் தெரிஞ்சுக்கிட்டேன். 2021 நவம்பர்ல தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிங்களையும் இன்னும் அஞ்சு பேரூராட்சியையும் சேத்து தாம்பரம் மாநகராட்சி ஆக்குனாங்கல்ல, அப்ப முடிச்சூர் அதுக்குள்ள வரல, ஊராட்சியாவே இருந்துச்சு. அதனால இந்த ரோட்ல அட்ரஸ் எழுதறப்ப எல்லாரும் தாம்பரம்னுதான் எழுதுவாங்க, ஆனா எந்த தெரு யாரு கைல இருக்குன்னு பாத்தா வேற வேற. குப்பை, தெருவெளக்கு, வீட்டு வரின்னு எதுக்கு எங்க போறதுன்னு வீடு பாக்கும்போதே கேட்டுருங்க. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க, பெஞ்சுல கேளுங்க.

வண்டிய வச்சே டிரெய்ன் டைம் கூட சொல்லலாம். ஏழே கால்லருந்து ஏழரைக்குள்ள லேப்டாப் பையோட ஒரு கூட்டம் வரணும், வரலன்னா எலக்ட்ரிக் டிரெய்ன் லேட்டு. பீச் ஸ்டேசன்லருந்து தாம்பரத்துக்கு கரண்டு டிரெய்ன் விட்டு 1931லருந்து ஓடுது, அந்த பழைய லைன நம்பித்தான் அக்கா எத்தன ஈடு இட்லி வைக்கணும்னு கணக்கு போடுறாங்க. ஒரு நாள் சிக்னல் கோளாறுன்னு டிரெய்னெல்லாம் நின்னுபோச்சு, 40 இட்லி மிஞ்சி, எங்க தெரு நாய்க்கெல்லாம் அன்னிக்கு தீபாவளி.

மத்த கடைங்களப் பத்தி ரெண்டு வரி. பிரியாணிக்கு கவலப்பட வேண்டாம், முடிச்சூர் ரோட்ல நூறு அடிக்கு ஒரு தேக்சா, ஆம்பூர்ங்கறான், திண்டுக்கல்ங்கறான், எது புடிக்குதோ அதுக்கு போங்க. காய்கறிக்கு தாம்பரம் சண்முகம் ரோடு மார்க்கெட், சனிக்கெழம சாயங்காலம் மட்டும் போயிராதீங்க, நடக்க முடியாது, கூட்டமே தள்ளிட்டு போயி எங்கயோ விட்டுரும். ஊருக்கு பஸ் புடிக்கிறதுக்கு கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் கடைசியில தொறந்ததுலருந்து சென்னைக்காரங்க எல்லாம் தூரம் தூரம்னு வையுறாங்க, நமக்கு பக்கம், சத்தம் போடாம இருந்துக்கணும்.

மார்க்கு போடணும்னா இட்லிக்கு பத்துக்கு எட்டு, கல்தோசை வடகறி பத்துக்கு பத்து, சாம்பார் அஞ்சு, எடம் ரெண்டு. அத்தை இட்லிக்கு ஏழுதான் குடுக்கும், மதுரைய விட்டுக்குடுக்கக் கூடாதாம். கொஞ்ச நாளா அக்காவுக்கு மொளகா அரைச்சு பூண்டு தட்டிப் போட்டு எங்கூரு காரச்சட்னி எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டு இருக்கு, போன வாரம் வண்டியில மூணாவதா ஒரு சின்ன எவர்சில்வர் வாளி வந்துருச்சு, செவப்பா. கூட்டத்துல யாரோ "இது இன்னா புதுசா"ன்னு கேட்டதுக்கு அக்கா "மதுர சட்னி, எங்க பெர்ம்மா சொன்னது"ன்னாங்க. அத்தை அங்கதான் நின்னுச்சு, கேக்காத மாதிரி.

சில்லறை இல்லன்னா பரவால்ல, ஸ்கேன் பண்ற சவுண்ட் பாக்ஸ் இருக்கு, ஆனா மழை வந்தா அத பிளாஸ்டிக் டப்பாக்குள்ள போட்டுருவாங்க, எவ்ளோ விழுந்துச்சுன்னு சத்தம் கேக்காது, போன்ல காட்டிட்டுத்தான் கெளம்பணும். ஏழுலருந்து ஏழே காலுக்குள்ள போனா கூட்டம் இல்ல. பலமா மழை பேஞ்சா வண்டி வராது. ஞாயித்துக்கெழம லீவு, அன்னிக்கு எங்க வீட்ல உப்புமா.