சாவன்துர்கா பாறையேற்றம்னு சொல்லி ரூ.11,100 வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி படிங்க

பெங்களூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை மலையேறக் கிளம்புற எல்லாருக்கும் இந்தப் பதிவு. போன ஞாயிறு நடந்தது. பணம் திரும்பி வரும்னு இன்னிக்குக் காலை வரைக்கும் பொறுமையா இருந்தேன். இப்போ என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க, அதனால எழுதுறேன். ஆறு பேர், தலைக்கு 1,850, மொத்தம் ரூ.11,100. ஏமாறாம இருக்க என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பேர் சொல்லலை. இன்ஸ்டாகிராம்ல ஒரு நாள் டிரிப், ரெண்டு நாள் டிரிப்னு போட்டு ஆள் சேர்க்கிற பக்கம். ஆயிரக்கணக்குல ஃபாலோயர்ஸ். பெங்களூர் பக்கத்துல இருக்கிற சாவன்துர்கா மலையில கயிறு கட்டிப் பாறையேற்றம், அப்புறம் உச்சி வரைக்கும் நடை, நந்தி மண்டபத்துல உக்காந்து சுத்திலும் மலையைப் பார்க்கலாம்னு விளம்பரம். அக்கா பசங்க ரெண்டு பேர் லீவுக்கு வந்திருந்தாங்க, ஆபீஸ் தோழிங்க மூணு பேர். சரி போகலாம்னு கேட்டேன்.

அந்தப் பக்கத்துல பதில் சொன்ன பையன் பேசின விதம் இருக்கே! "அக்கா, ஒவ்வொருத்தரோட எடை, இடுப்பளவு, ஷூ சைஸ் அனுப்புங்க. கயிறை மாட்டுறதுக்கு இடுப்புல போடுற பெல்ட், அதான் ஹார்னஸ், அளவு பார்த்துத்தான் எடுத்துட்டு வருவோம். தப்பான அளவு மாட்டிவிட்டா ஆபத்து"ன்னான். நான் டேப் எடுத்து பசங்க இடுப்பை அளந்து, ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல எழுதி அனுப்பினேன். அக்கா பையனுக்கு 28 இஞ்ச்னு போட்டதுக்கு, "சின்ன சைஸ் தனியா எடுத்து வைக்கிறேன்க்கா"ன்னு வாய்ஸ் மெசேஜ் வேற. இடுப்பளவு கேக்குறவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? உத்தரகாசியில மலையேற்றப் பயிற்சி முடிச்ச ரெண்டு பேர் கூட வருவாங்க, வனத்துறை அனுமதிக் கட்டணமும் சேர்த்துத்தான் 1,850ன்னு சொன்னான். அந்த நிமிஷமே ஜிபேல ரூ.11,100 போட்டேன்.

விடியக்காலை நாலரைக்கு வண்டி வரும்னாங்க, வந்தது ஆறே முக்கால். பயிற்சி முடிச்ச ரெண்டு பேரைக் காணோம். டிரைவர், கூட ஒரு காலேஜ் பையன், அவ்வளவுதான். வீரபத்திரர் கோயில் தாண்டி மலை ஏறுற இடத்துக்குப் போனா, வனத்துறை ஆள் டிக்கெட் கேட்டார். நம்ம காலேஜ் பையன் போனை எடுத்துக்கிட்டு ஓரமாப் போய்ட்டான். அவங்க டிக்கெட்டே போடலை! இணையத்துல பேரும் அடையாள அட்டையும் கொடுத்து முன்பதிவு பண்ணியிருக்கணும், இன்னிக்கு உங்க பேர்ல எதுவும் இல்லம்மான்னு அந்த வனத்துறைக்காரர் பொறுமையாத்தான் சொன்னார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல.

கடல் மட்டத்துல இருந்து 1,226 மீட்டர் உயரத்துல, ஒரே கல்லா நிமிர்ந்து நிக்குது அந்த மலை. 1791ல ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸோட படை வந்து பிடிச்ச கோட்டை அது. கீழே நின்னு அண்ணாந்து பார்த்ததோட சரி. பாறை மேல வெள்ளை அம்புக்குறி போட்டிருக்கிறது தெரியுது, அது வழியா வேற ஆளுங்க ஏறிப் போறதும் தெரியுது. மேலேர்ந்து பார்த்தா மஞ்சனபெலே அணைத் தண்ணி தெரியும்னு அக்கா பசங்ககிட்ட ஒரு வாரமா சொல்லிட்டு இருந்தேன்.

அப்புறம் "வேற சூப்பர் ஸ்பாட் இருக்குக்கா"ன்னு வண்டியைத் திருப்பி, வயக்காட்டு ஓரமா ஒரு பாறைகிட்ட நிறுத்தினாங்க. ரெண்டு ஆள் உயரம் இருக்கும். முந்தின நாள் மழை, பாறையில பாதி ஈரம், ஈரம் இருந்த இடமெல்லாம் கறுப்பா பாசி. இந்த மாதிரி வழவழன்னு இருக்கிற கிரானைட் பாறையில பிடிக்கிறதுக்கு விரிசலோ மேடோ அதிகம் இருக்காது, ஷூவோட உராய்வை நம்பித்தான் காலை வைக்கணும். அது நனைஞ்சா ஏறவே கூடாதுன்னு பாறையேற்றம் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

அந்தக் காலேஜ் பையன் பையிலிருந்து கயிறை எடுத்தான் பாருங்க. லாரியில மூட்டை கட்டுற மஞ்சள் நைலான் கயிறு. நுனி பிரிஞ்சு நூல் நூலா நிக்குது. ஹார்னஸ் இல்ல, ஹெல்மெட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பைக் ஹெல்மெட்! பாறையேற்றக் கயிறு விழும்போது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கணும், அதுக்குன்னே தனியா செய்யிற கயிறு அது. இவன் என்னடான்னா அக்கா பையனோட இடுப்புல, நான் டேப் வச்சு அளந்த அதே 28 இஞ்ச் இடுப்புல, அந்த மூட்டைக் கயிறைச் சுத்தி முடிச்சுப் போட வந்தான். நான் கையைத் தட்டிவிட்டேன். "நீங்கதான்க்கா தேவையில்லாம பயப்படுறீங்க, எல்லாரும் இப்படித்தான் ஏறுவாங்க"ன்னான். பளார்னு ஒண்ணு விடலாம்னு இருந்தது. பாவம், அவனையும் நாலு காசு கொடுத்து அனுப்பிவச்சிருக்காங்க.

பத்தரைக்கெல்லாம் திரும்பிட்டோம். அன்னிக்கு மத்தியானமே பணத்தைக் கேட்டேன். முதல் பதில், "சாரிக்கா, டீம்கிட்ட பேசிட்டு சொல்றேன்." அடுத்த நாள், "மழையால டிரிப் மாறினா பணம் திரும்பக் கிடையாது, விதிமுறையில இருக்கு." எந்த விதிமுறை, எங்கே போட்டிருக்கீங்கன்னு கேட்டா பதில் இல்ல. மழை எங்கே வந்துச்சு இதுல? டிக்கெட் போடாததுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? அடுத்து வேற ஒருத்தர், மேனேஜராம், "வண்டி வந்துச்சு, காலை டிபன் கொடுத்தோம், அதுக்குக் காசு ஆகாதா மேடம்?"னு கேட்டார். ரெண்டு ஆறிப்போன இட்லிக்கும் வண்டிக்கும் 11,100 ரூபாய்! அக்கான்னு கூப்பிட்ட வாயெல்லாம் ரெண்டே நாள்ல மேடம்னு மாறிடுச்சு. கடைசியா, "அடுத்த டிரிப்ல தலைக்கு 300 ரூபாய் தள்ளுபடி தர்றோம்." அவங்க பக்கத்துல போய் கமெண்ட் போட்டேன், அஞ்சு நிமிஷத்துல அழிச்சாங்க. தோழி போட்டா, அதுவும் போச்சு. இன்னிக்குக் காலையில பிளாக்.

என் தோழி ஒருத்தி தன் பங்கு 1,850 வேண்டாம், விடுன்னு சொல்றா. நான் விடுறதா இல்ல. ரூ.11,100ம் எனக்கு வேணும்.

சரி, பார்க்க வேண்டியது. வனத்துறை முன்பதிவு டிக்கெட் உங்க பேர் போட்டு கைக்கு வராம முழுப் பணம் கட்டாதீங்க. முடிஞ்சா அதை நீங்களே போட்டுக்கோங்க, அனுமதியும் சேர்த்துன்னு சொன்னா நம்பாதீங்க. கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட்டை நெட்ல எடுத்த படமா காட்டினா ஒத்துக்காதீங்க, வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. கூட வர்றவர் சான்றிதழைக் கேளுங்க. ஈரப் பாறைன்னா இறங்கிடுங்க, கட்டின காசு போனாலும் பரவாயில்ல. பேச்சு எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, பிளாக் பண்றதுக்கு முன்னாடி.

இன்னும் நிறைய எழுதணும்னு இருந்தேன், இப்போ முடியல. 1915க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்டுட்டு லைன்ல காத்துட்டு இருக்கேன். அதே பக்கத்துல யாராச்சும் பணம் கட்டி ஏமாந்திருந்தா கீழே சொல்லுங்க, சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.