ஆறா, பாறையா? நண்பர்களோடு ஒரு வார இறுதி

நான்கைந்து நண்பர்கள், கையில் சனியும் ஞாயிறும். நுரை பொங்கும் ஆற்றில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகு ஓட்டலாம் என்று இரண்டு பேர், பாறை ஏறலாம் என்று மற்றவர்கள். இந்த இழுபறியில் என்னைக் கேட்டால், எதில் த்ரில் அதிகம் என்று தொடங்க மாட்டேன். அது இரண்டிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. கூட்டத்தில் பழக்கம் குறைந்தவர் யார், அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்றுதான் முதலில் கேட்பேன்.

பாறையில் வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் நாள் முழுக்க இருக்கலாம். உச்சியில் ஆங்கர் எனும் உறுதியான பிடிப்பு போட்டு, கயிற்றை அதன் வழியாகக் கீழே விடும் டாப் ரோப் முறையில், ஏறுபவரின் கை நழுவினால் கயிறு சற்றே நீண்டு அவரைத் தாங்கிக்கொள்ளும். கீழே பிலே பிடிப்பவர், அதாவது கயிற்றின் மறுபக்கத்தைக் கட்டுப்படுத்துபவர், கவனமாக இருந்தால் போதும். பாதையின் கடினத்தைக் குறிக்கும் யோசெமிட்டி அளவுகோலில் 5.6 என்று குறித்த சுலபமான பாதையும் 5.11 என்று குறித்த கடினமான பாதையும் பக்கத்துப் பக்கத்திலேயே அமைந்த பாறைகள் நிறைய உண்டு. புதியவர் ஒன்றில் ஏறட்டும், அனுபவசாலி இன்னொன்றில் விரல் நோகத் தொங்கட்டும். பாதியில் பயம் வந்தால் “இறக்கிடு” என்று ஒரு குரல் கொடுத்தால் தரைக்கு வந்துவிடலாம்.

ஆற்றில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான். ரேபிட் எனும், பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் பகுதிக்குள் படகின் மூக்கு நுழைந்துவிட்டால், அது முடியும் வரை உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. இறங்கிக் கரையோரமாகப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் அந்த முடிவை ரேபிடுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஆறுகளை 1 முதல் 6 வரை வகுப்பு பிரிக்கிறார்கள். மூன்று பேருக்கு 4-ஆம் வகுப்பு ஓட்ட முடியும், ஒருவருக்கு 2-ஆம் வகுப்பே கஷ்டம் என்றால், அந்தக் கூட்டத்தின் ஆறு 2-ஆம் வகுப்புதான். இதில் சமரசம் செய்யும் கூட்டத்தோடு நான் தண்ணீரில் இறங்க மாட்டேன். தவிர, பாறையின் தரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆற்றின் வகுப்போ தண்ணீரின் அளவைப் பொறுத்து மாறும். போன மாதம் சாதுவாக ஓடிய அதே வளைவு இந்த வாரம் வேறு ஆறாக இருக்கலாம்.

கற்றுக்கொள்ள ஆகும் காலத்திலும் பெரிய வித்தியாசம். கயிற்றைக் கட்டும் ‘8’ வடிவ முடிச்சு போடுவது, இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் பட்டை மாட்டுவது, பிலே பிடிப்பது ஆகியவற்றை நல்ல பயிற்சியாளர் காலையில் சொல்லிக்கொடுத்தால், மதியம் அவர் கண்பார்வையில் டாப் ரோப்பில் ஏறத் தொடங்கிவிடலாம். கயாக்கில் அசைவற்ற தண்ணீரில்தான் ஆரம்பம். முதல் பாடமே கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வருவது. இடுப்பைச் சுற்றித் தண்ணீர் புகாமல் காக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்பக்கத்தில் ஒரு பட்டை தொங்கும். தலைகீழாக இருக்கும்போது உடலை முன்னால் குனித்து, அந்தப் பட்டையைப் பிடித்து முன்னோக்கி இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும். பிறகு இடுப்பை விடுவித்து வெளியே வரலாம். அதனால்தான் ஒவ்வொரு முறை படகில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பட்டை வெளியே தெரிகிறதா என்று நான் நண்பர்களிடம் சத்தமாகக் கேட்பேன். அவசரத்தில் அது உள்ளே மடிந்துகொண்டால் தண்ணீருக்கடியில் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம்தான் ரோல். படகிலிருந்து வெளியே வராமலே துடுப்பின் உதவியோடு இடுப்பைச் சுண்டித் திரும்ப நிமிர்வது. ஆர்க்டிக் பகுதியின் வேட்டைக்காரர்கள் உயிர் பிழைக்க வைத்திருந்த வித்தை இது. மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் தூக்கத்தான் உடம்பு சொல்லும். அதைக் கேட்டால் படகு மீண்டும் கவிழும். இடுப்பு முதலில், தலை கடைசியில். நீச்சல் குளத்தில் இது வந்துவிட்டது என்பதற்காக ஓடும் ஆற்றிலும் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அங்கே தண்ணீர் குளிர்ந்திருக்கும், எந்தப் பக்கம் மேல் என்றே சில நொடிகள் புரியாது. ரோல் உறுதியாக வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களை முதல் வார இறுதியிலேயே ஆற்றுக்கு இழுத்துப்போவது நட்புக்குச் செய்யும் நல்ல காரியம் அல்ல.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் ஒப்பிட முடியாது. கயிறு கட்டி ஏறும் பாறையில் நடக்கும் விபத்துகளில் பல தவிர்த்திருக்கக்கூடியவை. பேச்சு சுவாரசியத்தில் பாதி போட்ட முடிச்சு, பூட்டாமல் விட்ட கராபினர் (கயிறு மாட்டும் உலோக வளையம்), இறக்கும்போது கயிற்றின் முனை பிலே கருவி வழியாக நழுவிப்போவது. 60 மீட்டர் கயிறு என்றால் அதன் பாதிக்கு மேல் உயரமான பாதையில் ஏறியவரைத் தரை வரை இறக்க முடியாது. இந்தக் கணக்கு தெரிந்தவர்களும் களைப்பில் மறப்பதுண்டு. கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சு போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஏறும் முன் இருவரும் ஒருவர் ஹார்னஸை மற்றவர் பார்க்க வேண்டும். ‘8’ வடிவ முடிச்சில் ஐந்து இடங்களிலும் கயிறு இணையிணையாக ஓடுகிறதா, முடிச்சைத் தாண்டி நிற்கும் வால் போதிய நீளம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். பத்து நொடி வேலை.

ஆற்றின் ஆபத்துகள் இப்படி உங்கள் கையில் அடங்குவதில்லை. நேற்றைய காற்றில் சாய்ந்த மரம் ஓட்டத்தின் குறுக்கே கிடந்தால், தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், ஆள் போக முடியாது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே மாட்டிக்கொண்டவர் தம்பிடித்து வெளியே வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. பாதிப் பேருக்குத் தெரியாத இன்னொன்று: ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், முழங்கால் அளவைத் தாண்டிய ஓட்டமே ஆளை முன்னால் சாய்த்துத் தலையை அமுக்கிவிடும். படகை விட்டு வந்தவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீர்மட்டத்துக்கு உயர்த்தி மிதக்க வேண்டும். பார்க்க அமைதியாகத் தெரியும் சிறு தடுப்பணைகள் இன்னும் மோசம். அடியில் தண்ணீர் உருண்டு திரும்பி, சிக்கியவரை விடாமல் சுற்றும். இதையெல்லாம் கரையிலிருந்தே படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். எறிகயிற்றுப் பையைக் குறி தவறாமல் வீசத் தெரிந்தவர்களோ ஒருவருக்கு மேல் வேண்டும், ஏனென்றால் அந்த ஒருவரே கவிழ்ந்துவிடலாம்.

சாமான் விஷயம் எளிது. பாறைக்கு ஒரு கயிற்றையும் ஆங்கர் சாமான்களையும் நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஆற்றுக்கு ஆளுக்கொரு படகு, துடுப்பு, ஸ்கர்ட், லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட். ஆற்றில் இறங்கும் இடமும் கரையேறும் இடமும் வேறு என்பதால், முன்பே ஒரு வண்டியைக் கீழே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதிலேயே காலைப் பொழுது பாதி போய்விடும்.

இத்தனையும் சொன்ன பிறகும், எல்லோருக்கும் ரோல் வரும் ஒரு சின்னக் கூட்டம் அமைந்துவிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றைத்தான் சொல்வேன். பாறையில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்துவிடுகிறோம். ஒருவர் ஏற, ஒருவர் கயிறு பிடிக்க, மிச்சமிருப்பவர்கள் நிழலில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுவும் இனிமையான பொழுதுதான். ஆற்றில் மொத்தக் கூட்டமும் ஒன்றாக நகர்கிறது. இரைச்சலில் பேச்சு கேட்காது, துடுப்புதான் பேசும். செங்குத்தாகத் தூக்கினால் வரலாம், படுக்கையாகப் பிடித்தால் நில், மூன்று விசில் என்றால் ஆபத்து. பெரிய பாறைக்குப் பின்னால் ஓட்டம் அடங்கித் திரும்பும் எடியில் ஒவ்வொருவராக வந்து சேர்வோம். கடைசி ஆள் வளைவைத் தாண்டி வரும் வரை யாரும் வேறு எதையும் பார்ப்பதில்லை. அப்படி ஒரு கவனத்தை நான் வேறெங்கும் நண்பர்களோடு சேர்ந்து அனுபவித்ததில்லை.

மழை பெய்திருந்தால் முடிவு இன்னும் நுணுக்கமானது. ஈரமான மணற்பாறை வலுவிழந்திருக்கும். பிடிகள் உடையும், பாதையே பாழாகும். மேற்பரப்பு உலர்ந்ததும் அவசரப்படாமல் உட்பக்கமும் காயும் வரை விட்டுவிட வேண்டும். கருங்கல் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆற்றிலோ மழைதான் தண்ணீர் தருகிறது, ஆனால் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தாலோ, தண்ணீர் கலங்கி மரத்துண்டுகள் மிதந்து வந்தாலோ இறங்காமல் திரும்பிவிடுவேன்.

இரண்டும் வேண்டும் என்று கூட்டம் அடம்பிடித்தால், எல்லோரும் ஆற்றுக்குத் தயாரானவர்கள் என்ற பட்சத்தில், சனிக்கிழமை ஆறு, ஞாயிற்றுக்கிழமை பாறை என்று வையுங்கள். பலர் மாற்றி வைக்கிறார்கள். முந்தைய நாள் ஏறியதில் முன்கை இறுகிப்போனவருக்குத் துடுப்பில் பிடி தளரும், ரோலும் தவறும். பாறையில் களைத்தவரோ கயிற்றில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். அதுவும் முடியவில்லை என்றால் இறங்கிவிடலாம்.