ஆற்று மீன் என்று சொல்லி ஆறு மீன்களை விற்றார்கள்: 2,250 ரூபாய் போயிற்று

இன்று காலை ஐந்தாவது மீனும் செத்து மிதந்தது. மகள் எழுந்து வருவதற்குள் வலையால் அள்ளி மறைத்துவிட்டு, அதே ஆத்திரத்தோடு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வடசென்னையில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், ஓரளவு பெரிய கடை. அவ்வளவுதான்.

நான் வாங்கப் போனது குள்ள பஃபர். கேரளத்து ஆறுகளில் வாழ்கிற மிகச் சின்ன மீன். கடலோரத்தில் பேத்தை என்று சொல்கிறார்களே, அதன் நன்னீர்ச் சொந்தம். 1941-இல் வைத்த அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. எவ்வளவு வளர்ந்தாலும் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டிக்கொண்டு, நத்தை ஓட்டின் முன்னால் அசையாமல் நின்று யோசிக்கும். அந்த யோசனைக்காகத்தான் ஆசைப்பட்டேன். அறுபது லிட்டர் தொட்டியை மீன் இல்லாமல் ஒரு மாதம் வடிகட்டியோடு ஓடவிட்டுத் தயார் செய்துவிட்டுத்தான் கடைக்கே போனேன்.

நான் எட்டு மீன் கேட்டேன். கடைக்காரர், "தொட்டி எத்தனை லிட்டர்?" என்றார். சொன்னேன். "எட்டு வேண்டாம் சார், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். ஆறு போதும்" என்றார். நான் ஏமாந்து விழுந்தது அங்கேதான். விற்கிறவரே வேண்டாம் என்று குறைத்துக் கொடுக்கிறாரே, இவரைவிட நேர்மையானவர் யார் என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு நத்தையைத் தொட்டியில் போட்டுக் காட்டினார். ஒரு குஞ்சு பாய்ந்து வந்து கொத்தியது. "நம் கேரளத்து ஆற்று மீன், ஒரு அங்குலத்தைத் தாண்டாது" என்றார். மீன் ஒன்று 250 வீதம் 1,500. நத்தை 100, தீனிக்கு உறைந்த இரத்தப்புழு 200. "புது மீனுக்கு இது கட்டாயம்" என்று ஒரு மருந்துப் பாட்டில், 450. ஆக 2,250 ரூபாய்.

ஒன்பதாம் நாள் ஒன்று போயிற்று. நான்காவது வாரத்தில் இன்னும் இரண்டு. மற்றவற்றின் வால்கள் கிழிந்திருந்தன, வெள்ளை வயிறுகள் சாம்பல் நிறமாகிக் கறுத்தன. நான் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன், மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா நச்சு இல்லை. ஏழாவது வாரம் கண்ணாடியில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், பெரியது இரண்டு அங்குலத்தை நெருங்கிவிட்டது! படத்தை ஒரு நண்பருக்கு அனுப்பினேன். "இது குள்ள பஃபர் இல்லை. பச்சைப் புள்ளி பஃபர். கழிமுகத்து மீன், வளர வளர உப்புத்தண்ணீர் கேட்கும், அரை அடி அளவுக்கு வளரும்" என்று பதில் வந்தது.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் தடவை, "தண்ணீர் பழகவில்லை, பொறுங்கள்." இரண்டாம் தடவை, முதலாளி வெளியூரில். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதிலுக்கு ஒரு கட்டைவிரல். நேரில் போனேன். கடைக்காரர் பில்லைக் கேட்டார். அவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டில் "மீன் 6" என்று மட்டும்தான் இருக்கிறது. "நான் பஃபர் என்றுதானே கொடுத்தேன்? உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது சார்" என்று சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். கிளம்பும்போது, ஏதோ பாவம் பார்ப்பதுபோல், "கொஞ்சம் கல்லுப்பு போட்டுப் பாருங்கள், இதற்கு உப்பு பிடிக்கும்" என்றார்.

எல்லா நோய்க்கும் கல்லுப்பு சொல்வது அந்தத் தெருவின் வழக்கம்தான். ஆனால் "இதற்கு உப்பு பிடிக்கும்" என்பது வேறு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆற்று மீன் என்று சொன்ன அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. 2,250 ரூபாய் போனதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் உறுத்துகிறது.

வாங்கப் போகிறவர்களுக்காக விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது முடியவில்லை. பச்சை முதுகில் பொட்டு வைத்ததுபோல் தெளிவான வட்டப் புள்ளிகளும் பளிச்சென்ற வெள்ளை வயிறும் இருந்தால் அது குள்ள பஃபர் அல்ல. குள்ள பஃபருக்கு மஞ்சள் கலந்த உடலில் ஒழுங்கில்லாத பெரிய கறைகள் இருக்கும். பில்லில் மீனின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒட்டிய வயிறுள்ளதைத் தொடாதீர்கள். மருந்துப் பாட்டில் வாங்காதீர்கள், என் 450 அதில்தான் போயிற்று.

மிஞ்சியிருப்பது அந்தப் பெரியது ஒன்றுதான். மகள் அதற்கு உருண்டை என்று பெயர் வைத்திருக்கிறாள். நான் பக்கத்தில் போனால் கண்ணாடியோரம் வந்து நிற்கிறது. சமையல் உப்பு உதவாதாம். கடல்மீன் தொட்டிக்கான உப்பு வேண்டும், உப்பின் அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர் வேண்டும், பெரிய தொட்டி வேண்டும். விசாரித்துவிட்டேன். எல்லாம் அதே தெருவில்தான் கிடைக்கிறதாம்.