லிப்கிட்2-இல் கோப்பு ஒப்பீடு: மும்மொழிக் கோப்புகளோடு பல ஆண்டுப் பயன்பாடு

கொழும்பில் மென்பொருள் வேலை என்றால் பெரும்பாலும் மும்மொழி வேலைதான். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் மொழிபெயர்ப்புக் கோப்புகள் இருக்கும். யார் எதை மாற்றினார் என்று வரிவரியாகக் காட்ட ஒரு சரிபார்ப்புத் திரை இருக்கும். அந்தத் திரைக்கு அடியில், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் வேலைகளை நிரலுக்குள்ளிருந்தே செய்ய உதவும் நூலகமான லிப்கிட்2-ஐ வைத்து, பெரும்பாலும் பைகிட்2 (அதன் பைதான் இணைப்பு) வழியாகவும் சில இடங்களில் நேரே சி மொழியிலும் நீண்ட காலம் ஓட்டியதில் தெரிந்தவை இவை. நூலகம் உறுதியானது, தாராளமாக நம்பலாம். ஆனால் அது பார்ப்பது பைட்டை, எழுத்தை அல்ல. தமிழ்க் கோப்புகளில் வரும் சிக்கல் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு கொமிட்டுகளை (கிட்டில் பதிவுசெய்த நிலைகளை) ஒப்பிடச் சொன்னால் அது உடனே கோப்புகளைத் திறக்காது. ஒவ்வொரு பாதைக்கும் இரு பக்கமும் உள்ள ஹாஷை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை, பார்க்கும்; ஒன்றாக இருந்தால் அத்தோடு விட்டுவிடும். வேறானவற்றுக்கு மட்டும் டெல்டா என்ற சிறு பதிவு ஒன்றை வைக்கும். வரிகளை ஒப்பிடுவது அந்த டெல்டாவுக்கு பேட்ச் (வரிவரியான மாற்றப் பட்டியல்) கேட்கும்போதுதான். மாறிய கோப்புகளின் பெயர்கள் மட்டும் போதும் என்றால் பேட்ச் கேட்காதீர்கள். பக்கம் மெதுவாவதற்கு இதுவே முதல் காரணம்.

வேலைக் கோப்புறையை ஒப்பிடும்போது இன்னொரு விஷயம் உண்டு. கோப்பின் அளவும் மாற்ற நேரமும் இண்டெக்ஸில் (கிட் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலில்) இருப்பதோடு பொருந்தினால் உள்ளே பார்க்காது. ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் கோப்புகளை மறுபடி நகலெடுத்து நேரத்தை மாற்றியிருந்தால், ஒவ்வொன்றையும் வாசித்து ஹாஷ் போட்டுத்தான் 'மாறவில்லை' என்று முடிவு செய்யும். அந்த முடிவை அது தானாக இண்டெக்ஸில் எழுதிவைப்பதில்லை. 'அப்டேட் இண்டெக்ஸ்' கொடியை (விருப்பத் தேர்வை) கொடுக்காவிட்டால் அடுத்த தடவையும் அதே செலவுதான்.

வரி ஒப்பீட்டுக்கு உள்ளே இருப்பது கிட் பயன்படுத்தும் அதே எக்ஸ்டிஃப் என்ற ஒப்பீட்டு நிரல். முதலில் இரு கோப்புகளிலும் தலைப்பக்கமும் வால்பக்கமும் பொதுவாக உள்ள வரிகளை வெட்டிவிட்டு, மிஞ்சியதில் 1986-இல் யூஜின் மையர்ஸ் வெளியிட்ட முறைப்படி குறைந்த மாற்றங்களுள்ள பாதையைத் தேடும். பெரிய கோப்பில் நேரம் மிச்சம்பிடிக்க இடையிலேயே குறுக்குவழி எடுக்கும் என்பதால், வரும் விடை எப்போதும் ஆகச் சிறியதாக இராது. ஆகச் சிறியதுதான் வேண்டும் என்றால் 'மினிமல்' கொடி உண்டு. மொழிபெயர்ப்புக் கோப்புக்கு அதைவிட உதவுவது 'பேஷன்ஸ்' கொடி. மூலச் சொற்றொடரும் அதன் மொழிபெயர்ப்பும் அடுத்தடுத்து வரும் பிஓ கோப்பில் வெற்று வரிகளும், இன்னும் மொழிபெயர்க்காத இடங்களில் வெறும் மேற்கோள் குறி மட்டும் உள்ள வரிகளும் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். மையர்ஸ் முறை அவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொற்றொடரின் பாதியை இன்னொன்றின் பாதியோடு இணைத்துக் காட்டும். பேஷன்ஸ் முறையோ இரு பக்கத்திலும் ஒரே ஒரு முறை வரும் வரிகளை நங்கூரமாக வைக்கும். மூலச் சொற்றொடர் வரிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை, அதனால் சேர்த்த பகுதி முழுதாகச் சேர்த்ததாகவே தெரியும். பிஓ கோப்புகளுக்கு இதை நிரந்தரமாகவே போட்டுவைக்கலாம்.

இனித் தமிழ். முகவரிப் பட்டியல் ஒன்றில் கொழும்பு, கொட்டாஞ்சேனை, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நான்கு வரிகள். ஒருவர் திறந்து சேமித்த பின் நான்கும் மாறியதாகச் சிவப்பும் பச்சையும் காட்டுகிறது. கண்ணுக்கோ ஒரு வித்தியாசமும் இல்லை. 'கொ'வின் உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்கொம்பு, பின்கால் என இரண்டாகவும் எழுதலாம். யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'கொழும்பு' முதல் வகையில் 24 பைட், இரண்டாம் வகையில் 27 பைட். வெற்றிடத்தை ஒதுக்கும் கொடிகள் எதுவும் இதற்கு உதவாது. கொமிட்டுக்கு முந்தைய ஹூக்கில் (தானாக ஓடும் ஸ்கிரிப்டில்) என்எஃப்சி என்ற, ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் யுனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் வழி. அதற்கும் அடங்காத ஒன்று 'ஸ்ரீ'. அதை 'ஸ' கொண்டும் 'ஶ' கொண்டும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. தனியாகத் தேடி மாற்ற வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: அதே ஹூக்கில் கண்ணுக்குத் தெரியாத குறிகளையெல்லாம் நீக்கிவிடாதீர்கள். சிங்களத்தில் 'ஸ்ரீ' சரியாக விழவே அப்படியொரு இணைப்புக் குறி வேண்டும்.

யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றினால் தமிழ் வரி ஒவ்வொன்றும் மாறும். அதைத் தனிக் கொமிட்டாகச் செய்யுங்கள், கோப்புப் பெயரை அதே கொமிட்டில் மாற்ற வேண்டாம். பெயர்மாற்றத்தை லிப்கிட்2 தானாகக் கண்டுபிடிப்பதில்லை. டிஃப் (ஒப்பீடு) எடுத்த பின் 'ஃபைண்ட் சிமிலர்' என்ற செயலை அழைக்க வேண்டும். உள்ளடக்கம் அப்படியே இருந்தால் ஹாஷை வைத்தே பொருத்திவிடும். இல்லாவிட்டால் வரிகளின் ஹாஷ்களில் மிகச் சிறியவை 127, மிகப் பெரியவை 127 வரை எடுத்து ஒப்பிட்டு ஒற்றுமையை மதிப்பிடும். இயல்பான எல்லை 50 விழுக்காடு. எழுத்துமுறையும் பெயரும் ஒன்றாக மாறினால் இந்த எல்லையைத் தாண்டாது, ஒரு கோப்பு அழிந்து இன்னொன்று பிறந்ததாகவே வரும். நான்கு வரிகூட இல்லாத குட்டிக் கோப்புகளுக்கு இந்த மதிப்பீடே நடக்காது. கிட் கட்டளை வேறு முறையில் கணக்கிடுவதால் இரண்டும் தரும் விழுக்காடு பொருந்தாமல் போகலாம். அதைப் பிழையென்று துரத்த வேண்டாம்.

அடிக்கடி வரும் இன்னொரு முறைப்பாடு, 'பைனரி கோப்பு, ஒப்பிட முடியாது' என்பது. எக்செல்லில் 'யுனிகோட் டெக்ஸ்ட்' என்று சேமித்தால் வருவது யூடிஎஃப்-16. நூலகம் கோப்பின் முதல் 8000 பைட்டுகளில் ஒரு சுழிய பைட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், இருந்தால் பைனரி. தமிழ் எழுத்துகளில் சுழிய பைட் வராது, ஆனால் ஒவ்வொரு இடைவெளியிலும் வரிமுடிவிலும் வரும். 'ஃபோர்ஸ் டெக்ஸ்ட்' கொடியால் கட்டாயப்படுத்தினால் வரிமுடிவின் பாதி அடுத்த வரியின் தலையில் ஒட்டி, திரை முழுக்கக் குப்பை. யூடிஎஃப்-8-ஆகச் சேமிக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. பெரிய கோப்புக்கும் இதே பைனரி முத்திரைதான் விழும். இயல்பான எல்லை 512 மெகாபைட். இணையத் திரைக்கு அது மிக அதிகம், 2 மெகாபைட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் காட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். சி மொழியில் ஒவ்வொரு வரியும் சுட்டியாகவும் நீளமாகவும் வரும். முடிவில் சுழியம் இராது. அந்த நீளம் பைட் கணக்கு. தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட், ஆகவே 100 பைட்டில் வெட்டினால் எழுத்து நடுவே உடையும். வரிக்குள் எந்தச் சொல் மாறியது என்பதை இந்த நூலகம் சொல்லாது, அதை நீங்களே எழுத வேண்டும். அப்போது குறி குறியாகப் பிரித்தால் 'கி', 'கீ' ஆன இடத்தில் உயிர்க்குறி மட்டும் தனியே நிறம்பெற்று, புள்ளிவட்டத்தோடு தொங்கும். முழு எழுத்தாகப் பிரியுங்கள். கோப்பின் கடைசி வரியில் வரிமுடிவு இல்லாதபோது, வரியின் வகையைச் சொல்லும் கூட்டல், கழித்தல், வெற்றிடம் தவிர '=', '>', '<' ஆகிய குறிகளும் வரும்; அவற்றைக் கையாளாத திரையில் கடைசி வரி மாறிய காரணமே தெரியாது.