சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: பழகிய பிறகு சொல்வது

மகள் நியூஜெர்சிக்குப் போனதிலிருந்து இந்தப் பாதை எங்களுக்குப் பழகிவிட்டது. "எத்தனை மணி நேரம்?" என்று கேட்பவர்களிடம் பதினெட்டரை, கூடிப்போனால் பத்தொன்பது என்பேன். "எவ்வளவு தூரம்?" என்றால்தான் பதில் கொஞ்சம் நீளும்.

கணக்குப்படி சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் 15,349 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட நேரெதிரான தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியைத் தொடுவதில்லை. போகும்போது ஜப்பான் பக்கம் ஏறி, வடபசிபிக் மேல் உயரத்தில் கிழக்கு நோக்கி வேகமாக வீசும் ஜெட் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. முன்னிருக்கைத் திரையில் வேகம் 900 சொச்சத்திலிருந்து 1,100-ஐத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். படத்தைவிட எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலும் நேரம் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. அப்போதும் கிழக்கு நோக்கித்தான்! ஆகப் போய்வந்தால் பூமியை ஒரு முழுச் சுற்று.

கைக்கடிகாரத்துக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கும் கோடையில் நேர வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால் முள்ளைத் தொட வேண்டாம். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினால் போதும். உடம்புக்கு மட்டும் பகல் இரவாகிவிடுகிறது. வெள்ளி இரவு சாங்கியில் ஏறினால் சனி விடியலில் நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் இறங்கலாம். வரும்போது தலைகீழ்: வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு விடியலில்தான் வீடு. சனிக்கிழமை வானத்தோடு போச்சு.

ஓடுவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறக்கும் வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இதே நேரடிச் சேவையை 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500 வைத்துத் தொடங்கி, எரிபொருள் செலவு தாங்காமல் 2013-இல் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 வந்த பிறகு 2018-இல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

இதில் எகானமி கிடையாது. பிரீமியம் எகானமி, பிசினஸ் மட்டும்தான். பிரீமியத்தில் கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் ஒற்றை இருக்கை உண்டு. பக்கத்தில் ஆள் இல்லை, சுவரோரம் பை வைக்கப் பெட்டி. தனியாகப் போகிறவர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது பிடிக்கலாம். ஜோடியாகப் போனால் முன் வரிசைகளின் இரட்டை இருக்கை. பாத்ரூம் போகப் பக்கத்துச் சீட்டுக்காரரை எழுப்பும் சங்கடம் இராது.

பிராங்க்ஃபர்ட் வழியாகப் போகும் விமானத்திலும் போயிருக்கிறோம். அந்தத் தூரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 16,500 கிலோமீட்டர்தான், நேரடி விமானம் சுற்றிப் போவதற்குச் சமம். நேரம்தான் நாலைந்து மணி கூடும். நடுவில் கைப்பையோடு இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து ஏற வேண்டும். எரிச்சல்தான். ஆனால் அதில் எகானமி டிக்கெட் உண்டு, முட்டி வலிக்கும் என் வீட்டுக்காரருக்கு அந்த நடை நல்லதாகவும் இருக்கிறது. அதனால் நான் தனியே போனால் நேரடி. அவரும் வந்தால் பிராங்க்ஃபர்ட்.