சென்னைக்குப் பிள்ளையோடு: பலாலியா, கட்டுநாயக்கவா?

சின்னப் பிள்ளையோடு யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போவதென்றால் நான் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைத்தான் சொல்லுவேன். பறப்பு ஒன்றரை மணித்தியாலம் அளவுதான். இறங்கும்போது காது அடைத்துப் பிள்ளை வீரிட்டு அழலாம். அந்த நேரம் பால்போத்தலை உறிஞ்சக் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விலகும். நித்திரையென்றால், இறங்கத் தொடங்குமுன் எழுப்பிவிடுங்கள்.

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் காரில் போனால் ஏழெட்டு மணித்தியாலம் வீதியிலேயே போய்விடும், அப்புறம்தான் விமானம். ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். வவுனியாவில் பம்பர்ஸ் மாற்றி, சோறு தீத்தி, கொஞ்சம் ஓடவிட்டு ஏற்றலாம். சரி, மடியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். சடாரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைத் தாங்காது. பின்சீற்றில் குழந்தை இருக்கை பூட்டுங்கள்.

பலாலிக்கு வருவது சிறிய விமானம். பொதி நிறைய இருந்தால் மட்டும் காரை யோசியுங்கள்.