பழைய மொழிக்கு வேலை குறைந்தால் எங்கே தாவுவது: ஃப்ரண்ட்-எண்டா, டேட்டா இன்ஜினியரிங்கா?

விஷுவல் பேசிக் 6 (சுருக்கமாக விபி6) என்ற புரோகிராமிங் மொழியும் ஆரக்கிள் டேட்டாபேஸும்தான் பல வருஷமாக எனக்குச் சோறு போட்டன. விபி6-ல் எழுதும் டூலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திவிட்டது, ஆனால் அதில் எழுதிய அப்ளிகேஷன் விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. அதனால் வேலை ஒரே நாளில் போய்விடவில்லை, கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. முதலில் புது ப்ராஜெக்ட் வருவது நின்றது, அப்புறம் டீம் சுருங்கியது, கடைசியில் பக் சரிசெய்வது மட்டும்தான் மிஞ்சியது. வெப்சைட்டில் அனிமேஷன் ஓட்டிய ஃப்ளாஷில் வேலை செய்தவர்களுக்காவது தேதி தெரிந்திருந்தது; 2020 டிசம்பரோடு சரி என்று அடோபி 2017-லேயே அறிவித்துவிட்டது. மற்ற பழைய டெக்னாலஜிகளில் இருப்பவர்களுக்கு அப்படி யாரும் தேதி குறித்துக் கொடுப்பதில்லை.

நான் தேர்ந்தெடுத்தது டேட்டா இன்ஜினியரிங், அதாவது டேட்டாவைத் திரட்டிச் சீராக்கிப் பயன்படுத்தத் தயாராக்கும் வேலை. எனவே என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம், கோர்ஸ், எதில் வேலை அதிகம் என்பதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம்: இன்று கற்றுக்கொள்வது எத்தனை வருஷம் கெடாமல் இருக்கும், ஏற்கனவே கையில் இருப்பதில் எவ்வளவு கூடவே வரும்?

பழையதிலேயே இருந்துவிடலாமே என்றால் எல்லாரும் கோபால் (COBOL) மொழியைக் காட்டுவார்கள். 1959-ல் தொடங்கிய மொழி, 2020 ஏப்ரலில் நியூ ஜெர்ஸி கவர்னர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார், வேலையின்மை உதவித்தொகை சிஸ்டம் அந்த அளவுக்குத் திணறியது. சரி, ஆனால் கோபாலுக்குப் பின்னால் ஐபிஎம் இன்னும் அது ஓடும் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிகளில் புதியவற்றையும் கம்பைலரும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. விபி6-க்கு அப்படி யாரும் இல்லை. அதில் இருப்பவருக்கு மிஞ்சுவது மைக்ரேஷன், அதாவது பழைய அப்ளிகேஷனைப் புது மொழிக்கு மாற்றும் வேலைதான், அதில் பழைய ஆளுக்கு நல்ல மதிப்பு உண்டு. விபி6-ல் முழு எண்ணாக்கும் ரவுண்ட் ஃபங்ஷனுக்கு 2.5 கொடுத்தால் 2 வரும், 3.5 கொடுத்தால் 4 வரும். சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். ஆரக்கிளிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 2.5 என்பது 3 ஆகும். பில்லிங் ஸ்கிரீனைக் கண்ணை மூடிக்கொண்டு புது மொழிக்கு மாற்றினால் மாதக் கடைசியில் மொத்தம் சில்லறையில் இடிக்கும், எங்கே இடிக்கிறது என்று பழம் தின்று கொட்டை போட்டவருக்குத்தான் உடனே தெரியும். ஓய்வு பெறச் சில வருஷமே இருப்பவர் தயங்காமல் இதைச் செய்யலாம். மற்றவர்களுக்கு ஒரு சிக்கல், முடிக்கிற ஒவ்வொரு மைக்ரேஷனும் அடுத்து வரக்கூடிய வேலையில் ஒன்றைக் குறைத்துவிடுகிறது.

ஃப்ரண்ட்-எண்டுக்கு, அதாவது பயனர் பார்க்கும் வெப் ஸ்கிரீனை எழுதும் வேலைக்கு, ஒரு கவர்ச்சி உண்டு, எழுதியது உடனே கண்ணுக்குத் தெரியும், உதவிக்கு ஆளும் ஏராளம். என்னைத் தள்ளி நிற்க வைத்தது அதன் பராமரிப்புச் சுமை, கற்றதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டிய வேலை. ஃப்ரண்ட்-எண்ட் எழுத உதவும் ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது, 2016-ல் அடியோடு மாற்றி எழுதி ஆங்குலர் 2 என்று விட்டார்கள், பழையதற்கு 2021-ஓடு ஆதரவு முடிந்தது. அதே மாதிரி இன்னொரு டூலான ரியாக்ட் அவ்வளவு மோசமில்லை, இருந்தாலும் 2019-ல் ஹூக்ஸ் என்ற வசதி வந்த பிறகு எழுதும் பாணியே மாறிவிட்டது, எல்லா டுடோரியலும் முதல் வரியில் சொன்ன, புது ப்ராஜெக்ட் தொடங்க உதவும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இளைஞர்களுக்கு இது வசதி, ஒவ்வொரு தடவையும் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள். பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர் ஏன் அந்தக் கோட்டில் போய் நிற்க வேண்டும்? எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், எச்டிடிபி ஆகியவற்றை ஆழமாகத் தெரிந்தவர்கள் அங்கேயும் நிலைத்து நிற்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆழம் வரவே வருஷங்கள் ஆகும்.

எழுதியதைச் சர்வரில் ஏற்றி ஓட்டும் டெவ்ஆப்ஸ் வேலையும் இதே ரகம்தான். அங்கே புழங்கும் குபெர்னெட்டிஸ் டூல் வருஷத்துக்கு மூன்று ரிலீஸ் விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். அதன் அட்மினிஸ்ட்ரேட்டர் சான்றிதழும் 2 வருஷத்தில் காலாவதி.

டேட்டா பக்கம் கதை வேறு. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் முதல் ஆன்சி (அமெரிக்கத் தர நிறுவனம்) தரம் 1986-ல் வந்தது. ஆரக்கிளில் அன்று நான் கற்றது இன்றைக்கும் அப்படியே செல்லுபடியாகிறது. ஆர்டர் போடாத வாடிக்கையாளர்களைத் தேட நாட் இன் (NOT IN, 'இந்தப் பட்டியலில் இல்லாதவர்') போட்டு ஒரு க்வெரி எழுதுகிறோம். உள்ளே ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு வரிசையில் கஸ்டமர் ஐடி 'நல்' (NULL) என்று இருந்தால் போதும், ஒரு பெயர்கூட வராது, எரரும் வராது. நல் என்றால் தெரியாத மதிப்பு, அந்தத் தெரியாத மதிப்புக்கு இவர் சமமில்லை என்று டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாததால் எல்லாரையும் விட்டுவிடுகிறது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆரக்கிளில் இப்படித்தான், போஸ்ட்கிரஸ், ஸ்னோஃப்ளேக், பிக்க்வெரி என்று மற்ற டேட்டாபேஸ்கள் எல்லாவற்றிலும் இப்படியேதான். இரண்டு டேபிளை இணைக்கும் ஜாயின் போட்டதும் வரிசை பெருகித் தொகை இரட்டிப்பாவதும் அதே பழைய கதை. இதையெல்லாம் அடிபட்டுக் கற்ற ஆளுக்குப் புது டூலில் முதல் நாளே மரியாதை கிடைக்கிறது.

எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. பைத்தான் மொழியும், கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) டூலும் கட்டாயம் வேண்டும், டேட்டா வேலைகளை வரிசைப்படி ஓட்டும் ஏர்ஃப்ளோ மாதிரி ஒன்றில் கை பழக வேண்டும். அதைவிடக் கஷ்டம், சில அனிச்சைப் பழக்கங்களை விடுவது. க்வெரி மெதுவாக ஓடினால் கை தானாகத் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போடத் தேடும், பிக்க்வெரியில் முதலில் பார்க்க வேண்டியது டேபிளைப் பகுதி பகுதியாகப் பிரித்து அடுக்கும் பார்ட்டிஷனையும் கிளஸ்டரிங்கையும். அங்கே படித்த பைட்டுக்குக் கணக்குப் போட்டுக் காசு வாங்கும் முறை இருப்பதால் எல்லா நெடுவரிசைகளையும் (column) கேட்டுவிட்டு, பத்து வரிசை போதும் என்று லிமிட் 10 போட்டால், கிளஸ்டர் செய்யாத டேபிளில் பில் குறையவே குறையாது. கர்சர் வைத்து வரிசை வரிசையாக ஓடுகிற, ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல் புத்தியையும் கழற்றி வைக்க வேண்டும்.

டூல்கள் இங்கேயும் மாறுகின்றன. பெரிய டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடும் மேப்ரெட்யூஸை ஜாவாவில் எழுதக் கற்றவர்களின் திறமை சில வருஷத்திலேயே மங்கிவிட்டது. ஆனால் அதன் இடத்துக்கு வந்த ஹைவ், ஸ்பார்க் இரண்டிலும் எதை வைத்து வேலை செய்கிறோம்? திரும்பவும் எஸ்க்யூஎல். என்னை முடிவெடுக்க வைத்ததே இந்த ஒரு விஷயம்தான்.

இப்போது ஏஐ-யே எஸ்க்யூஎல் எழுதிவிடுமே என்று கேட்பார்கள். எழுதும், வேகமாகவே எழுதும். மேலே சொன்ன நாட் இன் க்வெரியும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடி முடியும், தப்பான விடையைக் கொடுத்துவிட்டு. அந்த எண்ணை நம்பலாமா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நாளைக்கும் இதே நிலை இருக்குமா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இந்த ஆபத்து எல்லா வழிக்கும் பொது.

பிசினஸ் அனலிஸ்ட், மேனேஜர் வழியைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி, அதனால் கொஞ்சம்தான் சொல்ல முடியும். தொழில் அறிவு முழுசாகக் கூட வருகிறது, பராமரிப்பும் மிகக் குறைவு. இன்ஷூரன்ஸிலோ வங்கியிலோ ஊறியவருக்கு இது டேட்டாவைவிடவும் பொருத்தமாக இருக்கலாம். கோடிங்கைச் சில வருஷம் விட்டவர்கள் திரும்ப வரச் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று, என் கணக்கு டேட்டாபேஸில் புழங்கியவர்களுக்கான கணக்கு. ஃப்ளாஷில் ஸ்கிரீனும் அனிமேஷனும் செய்தவருக்கு இது அப்படியே தலைகீழ். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டும் எக்மாஸ்கிரிப்ட் என்ற ஒரே தரத்தைச் சேர்ந்த குடும்பம், ஜாவாஸ்கிரிப்டை விரித்த டைப்ஸ்கிரிப்டைப் பார்த்தால் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 ஆளுக்குத் தெரிந்த முகமாகவே இருக்கும். அவர் என் பேச்சைக் கேட்டு டேட்டா பக்கம் வர வேண்டாம், ஃப்ரண்ட்-எண்டுக்கே போகட்டும்.